பூண்டு உரித்த காட்டேரியும் கட்கி வீட்டுப் பால்கனியும்

இரண்டு மாதத்துக்கு முன்னால் தெரியாத்தனமாக ஒரு காரியம் செய்துவிட்டேன். இதே பக்கத்தில் ஒரு ரத்தக்காட்டேரி நாவலைப் பாராட்டி எழுதினேன்.

அவ்வளவுதான்! இன்றுவரை கடிதம் வந்து குவிந்துகொண்டிருக்கிறது. மெயில் பாக்ஸைத் திறக்கவே பயமாக இருக்கிறது. ஈரோட்டுக்காரர் ஒருவர், ‘உங்களுக்கு என்ன ஆச்சு மேடம்?’ என்று ஆரம்பித்து, இன்லேண்ட் லெட்டரில் பசை தடவும் இடம்வரை நெருக்கி நெருக்கித் திட்டியிருக்கிறார். அதே தபாலில் மதுரையிலிருந்து ஒரு பெண், ‘என் மனசுல இருந்ததை அப்படியே எழுதிட்டீங்க’ என்று உருகியிருக்கிறாள். யாரை நம்புவது?

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது ஆங்கிலத்தில் வருஷத்துக்கு ஒன்றாக வந்துகொண்டிருக்கும் நாவல் வரிசை. எட்டுப் பாகம்வரை நம் கதாநாயகக் காட்டேரி, பனி கொட்டும் ஏதோ ஒரு ஊரில் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு கழுத்து கழுத்தாகக் கடித்தான். ஒன்பதாம் பாகத்தில் ஒரு நர்ஸைக் கல்யாணம் செய்துகொண்டான். நானூறு பக்கம்... ஒரே ஒரு கழுத்துகூடக் கடிபடவில்லை! ரத்த வங்கி பாட்டிலிலேயே காலத்தை ஓட்டுகிறான். பெண்டாட்டி டியூட்டி முடிந்து வருவதற்குள், மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு அவளுக்குப் பூண்டு உரித்து வைக்கிறான். காட்டேரிக்குப் பூண்டு ஆகாது, தெரியுமில்லையா?

எனக்குப் பிடித்திருந்தது. வாசகர்களில் பாதிப் பேருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சரி, இதற்கும் எங்கள் பில்டிங்கில் நடந்த பெண் பார்க்கும் வைபவத்துக்கும் என்ன சம்பந்தம்? வருகிறேன், வருகிறேன்...

எனக்குக் கீழ் வீடு செல்வி. அவள் மாமனார் காலத்திலேயே வேலூர்ப் பக்கமிருந்து புனேவுக்கு, ஃபாக்டரி வேலைக்கு வந்து கட்கியில் வேர் பிடித்துவிட்ட குடும்பம். ஒரே மகள் சங்கீதா. இருபத்தேழு வயது. ஒரு டயக்னாஸ்டிக் லேபில் வேலை. காலை ஏழு மணிக்கே ஊசியும் கையுமாக நின்று, வருகிறவர்கள் ரத்தத்தை எடுத்துக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்தால் ரத்தக்காட்டேரி! ஒன்பது பாகத்தையும் என்னிடமிருந்து ஒவ்வொன்றாக வாங்கிப் போய் அவள் வீட்டிலேயே அடுக்கி வைத்துக்கொண்டவள்.

படிப்பு, வேலை, லட்சணம் எல்லாம் இருந்தும் ஏழு வரன் வந்து ஏழும் போய்விட்டது. காரணம்? அவள் பேசும் இந்தி கலந்த தமிழ்.

முதல் வரன் சென்னையிலிருந்து வந்தது. சங்கீதா பாவம், வாய் நிறைய, “சாய்ல ஷக்கர் போதுமா ஆன்ட்டி?” என்று கேட்டாள். மாப்பிள்ளையின் அக்காக்காரி களுக்கென்று சிரித்தாள். “பொண்ணுக்குத் தமிழே சொல்லிக் குடுக்கலையா?” என்று வேறு கேட்டுவிட்டாள். அன்றோடு சரி. அடுத்து வந்த ஆறு பேர் முன்னாலும் சங்கீதா வாயே திறக்கவில்லை. தலையை ஆட்டினாள், தட்டை நீட்டினாள், உள்ளே போனாள். அவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? “பொண்ணுக்குத் திமிர் அதிகம் போல.”

பேசினாலும் தப்பு, பேசாவிட்டாலும் தப்பு என்றால் அந்தப் பெண் என்னதான் செய்யும்?

எட்டாவது வரன் மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோயம்புத்தூர்க் குடும்பம். பையன் கார்த்தி, இங்கே புனேவிலேயே கராடியில் சாஃப்ட்வேர் இன்ஜினீயர். காலையிலேயே செல்வி என் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“அக்கா, இந்த வாட்டியாச்சும் அமையணும்க்கா. இதுவும் போச்சுன்னா இனிமே யார் முன்னாடியும் வந்து நிக்க மாட்டேன்னு சொல்லிட்டாக்கா. அழுவுறா...”

நான் உடனே படைத் தளபதியாகிக் களத்தில் இறங்கினேன். வீட்டை ஒரு நோட்டம் விட்டேன். ஹாலில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே ஒன்பது பாகமும் வரிசையாக நிற்கிறது. முதுகுப் பக்கமெல்லாம் கோரைப்பல்! ரத்தச் சொட்டு! மாப்பிள்ளை வீட்டார் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

“முதல்ல இதைக் கண் மறைவா வை” என்றேன். இருப்பதோ ஒரு ஹால், ஒரு கிச்சன், ஒரு பால்கனி. பால்கனியில் அடுக்கி, மேலே ஒரு பழைய பெட்ஷீட்டைப் போட்டு மூடினோம். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

பதினோரு மணிக்கு வந்தார்கள். அப்பா, அம்மா, பையன் — மூன்றே பேர். கேசரி, பஜ்ஜி, பாகர்வடி எல்லாம் ஆயிற்று. சங்கீதா வழக்கம்போல வாயைப் பூட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பையனின் அம்மா அவளை இரண்டு தரம் ஏற இறங்கப் பார்த்தார். அந்தம்மா சிரிக்கிற ரகமாகவும் தெரியவில்லை.

“ஏனுங்க, அவங்க ரெண்டு பேரும் ஒரு பத்து நிமிஷம் தனியாப் பேசட்டுமுங்களே” என்றார் அந்தம்மா.

தனியாக... எங்கே? பால்கனிதான்!

நானும் செல்வியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அதற்குள் பையன் எழுந்து போய்விட்டான். பின்னாலேயே சங்கீதாவும் போனாள். அங்கே நாற்காலி கிடையாது. அவன் பாட்டுக்குப் பெட்ஷீட் மேல் உட்கார்ந்தான். ஏதோ உறுத்தியிருக்க வேண்டும்... எழுந்து, பெட்ஷீட்டைத் தூக்கிப் பார்த்தான்.

பையன் குரல் கேட்டது. “அட, ஒன்பதாவதும் வெச்சிருக்கீங்களா? இதையெல்லாம் எப்படிங்க படிச்சு முடிச்சீங்க? நான் பாதியில தூக்கிப் போட்டுட்டேன்.”

“ஏன்?” சங்கீதாவின் குரல்! ஏழு வரன் கேட்காத குரல்.

“பின்னே என்னங்க? காட்டேரி பூண்டு உரிச்சா அப்புறம் எதுக்குங்க அவன் காட்டேரி? பேசாம சமையல்காரன்னு பேர் வெச்சிருக்கலாம்.”

“அரே! நீங்க ஒழுங்கா படிச்சீங்களா, இல்ல சும்மா பன்னா பன்னாவா திருப்பினீங்களா?”

போச்சு! செல்வி என் கையை இறுக்கிப் பிடித்தாள். ஹாலில் எல்லோர் காதும் பால்கனிப் பக்கம். பையனின் அப்பா, தனக்குத் தெரியாத மராத்திப் பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். வெளியே சண்டை ஏறிக்கொண்டே போனது. அவன் ஒரு பாகத்தை எடுத்துக் காட்ட, இவள் வேறொன்றை எடுத்துக் காட்ட... நம் வாசகர் கடிதங்களெல்லாம் இரண்டு ஆளாக உருவெடுத்து வந்து நின்ற மாதிரி இருந்தது எனக்கு.

கடைசியில் சங்கீதா ஒரே மூச்சில் பொரிந்து தள்ளினாள்.

“எட்டு பாகம் பூரா அவன் வாயை மூடிட்டே சிரிச்சான். ஏன்? பல்லு தெரிஞ்சா லோக் பயப்படுவாங்கன்னு. மதலப், யார் முன்னாடியும் ஃப்ரீயா பேச முடியாது, சிரிக்க முடியாது. எப்பவும் டென்ஷன்! இந்த ஒருத்தி முன்னாடிதான் அவன் வாயைத் தொறந்து சிரிக்கிறான். அவ பயப்படவே இல்ல. அப்படிப்பட்டவளுக்கு அவன் லசூண் உரிச்சுக் குடுத்தா உங்களுக்கு என்னங்க ப்ராப்ளம்?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். எனக்கு இது தோன்றவே இல்லையே! இவளுக்கு ஏன் அந்தக் காட்டேரி இவ்வளவு பிடித்தது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

பத்து நிமிஷம் முக்கால் மணி நேரமாயிற்று. பஜ்ஜி ஆறி அவலாகிவிட்டது. இரண்டு பேரும் முகம் சிவந்து உள்ளே வந்தார்கள். அவன் கையில் ஒன்பதாம் பாகம்.

செல்வி பதறிக்கொண்டு, “தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இங்கியே பொறந்து வளந்த பொண்ணு... தமிழ் கொஞ்சம் அப்படி இப்படி...” என்று இழுத்தாள்.

“தமிழுக்கு என்னங்க கொறச்சல்? அத்தனையும் புரிஞ்சுதுங்களே” என்றார் அந்தம்மா. “லசூண்தான் என்னன்னு தெரியல.”

“பூண்டுங்க” என்றேன் நான்.

“ஓ...” அந்தம்மா மகன் பக்கம் திரும்பினார். “ஏன்டா, பொண்டாட்டிக்கு நாலு பூண்டு உரிச்சா நீ என்ன கொறஞ்சா போயிருவே? அந்தப் பொண்ணு கேட்டதுல என்ன தப்பு?”

மராத்திப் பேப்பர் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது.

நான் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். செல்வியும் சிரித்தாள். ஆனால் கிளம்பும்போது அந்தம்மா, “ஊருக்குப் போய் போன் பண்றோமுங்க” என்றாரே... செல்விக்கு முகம் செத்துவிட்டது. ஏழு குடும்பமும் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போன அதே வார்த்தை. போன்தான் வந்ததில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டிருந்த கார்த்தி நிமிர்ந்தான். “அம்மா, நீங்க ஊருக்குப் போய்ப் பண்ணுங்க. நான் இங்கதானே இருக்கேன்.” சங்கீதாவைப் பார்த்தான். “இதைத் திரும்பப் படிச்சுட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை கொண்டாந்து குடுத்தறனுங்க. ஆனா என் கட்சி மாறாது.”

“பாக்கலாம்” என்றாள் சங்கீதா.

அவர்கள் தெருமுனை தாண்டியதுதான் தாமதம், செல்வி மகளைப் பிடித்துக்கொண்டாள். “என்னாடி... பையன் எப்படி?”

“அவருக்கு ஒண்ணுமே சமஜ்ல வரலம்மா. முதல் பாகத்துலேர்ந்து எல்லாத்தையும் நான்தான் உக்காந்து புரிய வைக்கணும்.”

“அதுக்கு எத்தனை நாளாகும்?” என்றேன் நான்.

சங்கீதா ஒரு நிமிஷம் யோசித்தாள். “ஆயுசுக்கும் ஆகும் ஆன்ட்டி” என்றாள்.

செல்வி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். போன வெள்ளிக்கிழமை வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டார்கள். கார்த்தி இன்னும் கட்சி மாறவில்லை. கேள்விப்பட்டவரை ஏழாம் பாகத்திலும் புதிதாக ஒரு தகராறு கிளம்பியிருக்கிறது.

ஆவணியில் கல்யாணம். கடிதம் போட்ட எல்லோரும் அவசியம் வர வேண்டும். ஒன்பதாம் பாகம் பிடித்தவர்கள் பெண் வீட்டுப் பக்கம் உட்காருங்கள், பிடிக்காதவர்கள் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் உட்காருங்கள்... பந்தி மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்!