எங்கள் வீட்டிலிருந்து போன வைரஸ்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை காலி வீதியைத் தொடுகிற இடத்தில் ஒரு சின்னக் கொமியூனிகேஷன் இருக்கிறது. இரண்டு கணினி, ஒரு போட்டோக்கொப்பி இயந்திரம், லெமினேற் செய்கிற பெட்டி, உட்கார ஒரு பிளாஸ்ரிக் கதிரை. அதை நடத்துபவர் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு முஸ்லிம் பெண். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரைத் தங்கச்சி என்பேன். ஆறு வருடப் பழக்கம் அவ்வளவுதான். பென் டிரைவை நீட்டுவேன், அச்சடித்துத் தருவார், வந்துவிடுவேன்.

நான் மொழிபெயர்ப்பாளர். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, சத்தியக்கடதாசி என்று வருபவற்றைச் சிங்களத்திலிருந்தும் தமிழிலிருந்தும் ஆங்கிலத்துக்கு மாற்றி, முத்திரை குத்திக் கொடுப்பது என் தொழில். வேலை முழுவதும் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், என் மடிக்கணினியில்தான் நடக்கும்.

ஒரு நாள் காலை என் போனுக்கு ஓர் எச்சரிக்கை வந்தது. என் மின்னஞ்சலுக்குள் ஏதோ ஒரு தூர நாட்டிலிருந்து யாரோ நுழையப் பார்த்திருக்கிறார்களாம், அது நானா என்று கேட்டிருந்தது. நான் அப்போது வல்லாரை கிள்ளிக்கொண்டிருந்தேன். கீரையை அப்படியே போட்டுவிட்டு யோசித்தபோது ஒரே ஒரு பதில்தான் தோன்றியது. அந்தக் கொமியூனிகேஷன். ஊரில் உள்ள எல்லோருடைய பென்னும் குத்தப்படுகிற கணினி. வேறு எங்கே பிடிக்கும்?

பென் டிரைவைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே போனேன். கடையில் இரண்டு பேர் நின்றார்கள். அவர்களைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

"தங்கச்சி, உங்கட கொம்பியூட்டரிலை வைரஸ் இருக்கு. அதாலைதான் என்ட பென்னும் பழுதாகி, இப்ப என்ட மெயிலுக்குள்ளயும் ஆரோ பூரப் பாக்கினம்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. நின்ற இருவரும் தங்கள் காகிதங்களைப் பார்த்தார்கள், பிறகு கடைக் கணினியைப் பார்த்தார்கள்.

அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. ஆனால் சொன்னது இவ்வளவுதான்: "அக்கா, கொஞ்சம் இரிங்க. இவங்கள அனுப்பிட்டு பேசுவம்."

நான் பிளாஸ்ரிக் கதிரையில் உட்கார்ந்தேன். அவர்கள் போனதும் அவர் கையை நீட்டினார். "பென்ன தாங்க. இப்ப ஊட்ல இருந்து நேராத்தானே வந்தீங்க? வேற எங்கயும் குத்தல்லயே?"

"இல்லை. வீட்டிலைதான் கடைசியாப் போட்டது."

"அப்ப இங்க வந்து பாருங்க."

ஆறு வருடத்தில் முதற்தடவையாக மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். பென்னைப் போட்டதும் திரையில் சிவப்பாக ஓர் அறிவிப்பு துள்ளி எழுந்தது. அவர் அதைச் சற்று நிறுத்திவைத்துவிட்டு என் கோப்புறைகளைக் காட்டினார். எல்லாம் வழக்கம்போல மஞ்சளாக வரிசையில் இருந்தன.

"மூலையில என்ன ஈக்கிது எண்டு பாருங்க."

ஒவ்வொன்றின் கீழ் மூலையிலும் கடுகளவில் ஒரு வளைந்த அம்புக்குறி. மூன்று மாதமாக நான் தினமும் பார்த்த படம்தான். ஒரு நாளும் கவனித்ததில்லை.

"இது போல்டர் இல்ல அக்கா. போல்டர் மாதிரி வேஷம். ஒங்கட உண்மையான போல்டர இது ஒளிச்சி வெச்சீக்கிது. நீங்க இத தட்டினா மொதல்ல வைரஸ் ஓடும், பொறகு ஒங்கட போல்டரயும் தொறந்து காட்டும். எல்லாம் சரியா தொறக்கிறதால ஒங்களுக்கு வெளங்காது."

"அப்ப என்ட வேலையெல்லாம் அழிஞ்சிட்டுதோ?"

"இல்ல, இல்ல. ஒண்டும் அழியல்ல. ஒளிச்சித்தான் ஈக்கிது." சில விசைகளைத் தட்டினார். வேடம் போட்டவை போயின. என் கோப்புறைகள் அம்புக்குறி இல்லாமல் வந்து நின்றன. அவர் விரல்கள் யோசிக்காமல் வேலை செய்ததைப் பார்த்தபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

"இதை நீங்கள் முந்தியும் செய்திருக்கிறீங்களோ?"

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒவ்வொரு மொறயும் கிளீன் பண்ணித்தான் தாரது. மூணு மாசமா ஈக்கிம். நீங்க கொண்டு போவீங்க, அடுத்த கெழம திருப்பி அதோடயே வருவீங்க."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"ஒரு நாள் சொன்னன் அக்கா, ஊட்டு கொம்பியூட்டர ஒருக்கா பாக்கச் சொல்லுங்க எண்டு. நீங்க போன்ல பேசிட்டு ஈந்தீங்க, தலய ஆட்டினீங்க. பொறகு திருப்பித் திருப்பி சொல்ல ஒரு மாதிரி ஈந்திச்சி. ஒங்களுக்கு வெக்கமா ஈக்கும் எண்டு நெனச்சன்."

எனக்கு வெட்கமாக இருக்கும் என்று நினைத்து மூன்று மாதம் சத்தமில்லாமல் துடைத்துத் தந்தவரைத்தான் அரைமணி நேரத்துக்கு முன் இரண்டு பேர் முன்னால் குற்றம் சாட்டியிருந்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் கேட்ட கேள்வியில் அது நின்றுவிட்டது.

"இங்க வந்தா நான் பாத்துக்குவன். வேற எங்கயாவது இத குத்தினீங்களா?"

நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடைப் பகுதியில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்துக்கு நான் தொடர்ந்து வேலை செய்கிறேன். அவர்களுக்கு அச்சுப் பிரதி போதாது, திருத்துவதற்குக் கோப்பும் வேண்டும். கடந்த மூன்று மாதத்தில் இரண்டு தடவை, கடைக்குப் போகாமல், வீட்டிலிருந்து நேரே அங்கே பென்னைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன்.

வீட்டுக்குத் திரும்பியபோது கணவர் ஜன்னலோரம் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வருடம் மருந்துக் கம்பனி ஒன்றின் பிரதிநிதியாக வைத்தியர்களின் வாசல்களில் காத்திருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பொருளிலும் நல்லதையே முதலில் காண்பவர்.

"இஞ்சருங்கோ, லெப்டொப்பிலை ஏதாவது புதுசாப் போட்டனீங்களோ?"

பத்திரிகை மெல்லக் கீழே இறங்கியது. எனக்கு விளங்கிவிட்டது.

"உமக்குக் கை நொந்துகொண்டு இருந்ததெல்லே, அப்ப" என்று தொடங்கினார். மூன்று மாதத்துக்கு முன் என் வலது மணிக்கட்டு வீங்கி, வைத்தியர் பட்டி கட்டிவிட்டிருந்தார். அப்போதும் பழைய உறுதிகளைப் பார்த்து ஒற்றைக் கையால் தட்டிக்கொண்டிருந்தேன். நான் குளிக்கப் போன நேரத்தில் இவர் இணையத்தில் தேடியிருக்கிறார். காகிதத்தைப் படம் பிடித்துக் கொடுத்தால் அதிலுள்ள சிங்களத்தையும் தமிழையும் தானே தட்டித் தருகிற மென்பொருள், இலவசம், என்று ஓர் இடத்தில் இருந்திருக்கிறது. போடுவதற்கு முதலில் வைரஸ் காவலை நிறுத்துங்கள் என்று அதிலேயே எழுதியிருந்ததாம். நிறுத்தியிருக்கிறார்.

"வேலை செய்தா உமக்குக் காட்டுவம் எண்டு இருந்தனான். அது திறபடவே இல்லை. அழிச்சுப்போட்டு விட்டிட்டன்."

"காவலைத் திருப்பிப் போட்டனீங்களோ?"

"மறந்துபோனன்" என்றார், பத்திரிகையை மடித்தபடி.

எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே கத்தினேன். என் பெயர், என் முத்திரை, என் இருபது வருட நம்பிக்கை என்றெல்லாம். இப்படியான கெட்ட மென்பொருளை யாரோ எதிரி எறிகிற கல்லைப் போல நான் அதுவரை நினைத்திருந்தேன். கையில் பட்டி கட்டிய ஒருத்தியின் கணவன் என்ன தேடுவான் என்று அறிந்து, அதையே தருகிறேன் என்று சொல்லிக்கொண்டு அது வரும் என்று நினைத்ததில்லை. இவர் கதவைத் திறந்தது எனக்காகத்தான். அதை நினைக்க நினைக்கக் கத்துவது கஷ்டமாகிப் போனது.

"புதுக்கடைக்கு நான் போய்ச் சொல்லுறன். நான் செய்த வேலை" என்றார்.

"பென் என்ட. நான்தான் கொண்டுபோய்க் குடுத்தனான்."

"அப்ப ரெண்டு பேரும் போவம்."

கிள்ளிய வல்லாரை வாடிக் கிடந்தது. சமைக்கவில்லை. பஸ் எடுத்துப் புறக்கோட்டை வரை போய், அங்கிருந்து முச்சக்கர வண்டியில் புதுக்கடைக்குப் போனோம். வழியில் வெயில் என் பக்கம் விழுந்தபோது அவர் பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டார்.

அந்த அலுவலகம் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே, செங்குத்தான படியேறிப் போகவேண்டியது. வாசலில் தட்டச்சாளரின் மேசை. கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிற, நாற்பது வயதுப் பெண். நான் எப்போது போனாலும் கதிரையை இழுத்துப் போடுபவர். அன்று தலையை மட்டும் நிமிர்த்தி, "மேடம் உள்ளுக்கு இருக்காங்க மிஸ்" என்றார்.

சட்டத்தரணி, நறுக்காகக் கதைக்கிற அம்மா, நீதிமன்றத்திலிருந்து வந்து கறுப்புக் கோட்டைக் கழற்றாமல் இருந்தார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பென், அம்புக்குறி, மூன்று மாதம், இரண்டு தடவை. என் கணவர் பின்னால் நின்றார்.

அவர் கேட்டு முடித்தார். பிறகு வாசலைப் பார்த்துத் தட்டச்சாளரைக் கூப்பிட்டார். எனக்கு விஷயம் அப்போதுதான் தெரிந்தது. இரண்டு கிழமைக்கு முன் அவர்களுடைய கணினியில் கோப்புகள் காணாமல் போயிருக்கின்றன. தட்டச்சாளர் தன் போனை அந்தக் கணினியில் சொருகி சார்ஜ் செய்கிற வழக்கம். வைரஸ் அந்தப் போனால்தான் வந்தது என்று சட்டத்தரணி முடிவுகட்டி, காலையில் வந்ததும் போனை நிறுத்தி உள்ளே ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார்.

"நான் இவவைத்தான் ஏசினனான்" என்றார் சட்டத்தரணி, என்னிடம் சொல்வதுபோல. பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, "பிழை உம்மில இல்லை. நான் விசாரியாமல் பேசிப்போட்டன்" என்றார். மேசை லாச்சியைத் திறந்து போனை எடுத்து நீட்டினார்.

அந்தப் பெண் போனை வாங்கிக்கொண்டார். முகத்தில் நான் எதிர்பார்த்த நிம்மதி இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

"ரெண்டு கெழம மிஸ். ரெண்டு மணிக்கு எம் புள்ள ஸ்கூல் வேன்ல வந்து எறங்கி, வந்துட்டேன்மான்னு போன் பண்ணும். வீட்டுல வேற யாரும் இல்ல. ரெண்டு கெழமையா அது வந்துச்சா வரலயான்னு தெரியாம அஞ்சு மணி வரைக்கும் டைப் பண்ணிட்டு இருந்தேன்."

"எனக்குத் தெரியாமல் போச்சு" என்று மட்டும் சொன்னேன். ஆவணங்களில் எல்லா விதமான வருத்தத்தையும் மூன்று மொழியில் எழுதத் தெரிந்தவள் நான்.

என் கணவர் முன்னால் வந்தார். "பிள்ளை, அவவைப் பேசாதேங்கோ. அவவுக்கே இண்டைக்குத்தான் தெரியும். கண்டதையும் இறக்கிப் போட்டது நான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பெண் அவரைப் பார்த்தார். செங்குத்துப் படியேறிய களைப்பில் அவருக்கு இன்னும் மூச்சு வாங்கியது. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"மொதல்ல உக்காருங்க ஐயா" என்றார். "கீழருந்து பிளேன்டீ கொண்டாரச் சொல்றேன்."

பிறகு போனை எடுத்துக்கொண்டு படிப்பக்கம் போனார். மணி இரண்டு தாண்டியிருந்தது. உள்ளே இருந்த மூவருக்கும் குரல் கேட்டது. "வந்துட்டியா? கதவ உள்பக்கம் போட்டுட்டியா? ஆமா, அம்மாதான். ஆமா, இனிமே பேசலாம்." அவ்வளவும் சொல்லிவிட்டு, வைக்காமல், அங்கேயே சுவரில் சாய்ந்து நின்று மகள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். சட்டத்தரணி ஒரு கோப்பைத் திறந்து வாசிப்பதுபோல இருந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

புறப்படும்போது சட்டத்தரணி, "நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார். பாராட்டா, கண்டிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இனிப் பென் வேண்டாம், எல்லாம் மின்னஞ்சலில் என்றார். அடுத்த வேலை பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த நாள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கொமியூனிகேஷனுக்குப் போனேன். வேண்டுமென்றே கூட்டமான நேரமாகப் பார்த்துப் போனேன். நாலு பேர் நின்றார்கள். "தங்கச்சி, நேற்று எல்லாருக்கும் முன்னால உங்களிலை பழி போட்டன். பிழை என்ட வீட்டிலைதான். இவ்வளவு நாளும் என்ட பென்னைத் துடைச்சுத் தந்தது நீங்கள்தான்" என்றேன். நேற்று நின்ற இருவரும் அங்கே இல்லை. ஆனாலும் சொல்லவேண்டியிருந்தது.

"அல்லாஹ், போதும் அக்கா" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காது சிவந்திருந்தது.

வேலைக் கோப்புகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சோதித்து வேறாக எடுத்துவைத்துவிட்டு, கணினியை முற்றாக அழித்து, எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுத் தந்தார். இரண்டு நாள் எடுத்தது. கடவுச்சொற்களை அந்தக் கணினியில் வைத்து மாற்ற வேண்டாம், போனிலிருந்து மாற்றுங்கள் என்றார். பக்கத்தில் இருத்திவைத்து ஒவ்வொன்றாக மாற்றவைத்தார். அந்த இரண்டு நாளில்தான் அவருக்கு மூன்று பிள்ளைகள் என்பதும், இந்த வேலையைத் தானே பார்த்துப் பார்த்துப் படித்தவர் என்பதும் எனக்குத் தெரியவந்தது.

புதுக்கடையிலிருந்து மூன்று கிழமை ஒரு வேலையும் வரவில்லை. நாலாம் கிழமை ஒரு மத்தியானம் போன் அடித்தது. தட்டச்சாளர். ஓர் உறுதியை மின்னஞ்சலில் அனுப்பியிருப்பதாகவும், புதன்கிழமைக்குள் வேண்டும் என்றும் சொன்னார். எழுத்துக்களில் சில மங்கலாக இருப்பதையும் சொன்னார். வேலை விஷயம் முடிந்த பிறகும் அவர் போனை வைக்கவில்லை.

"ஐயா நல்லா இருக்காங்களா மிஸ்?"

"பக்கத்திலைதான் நிக்கிறார்" என்றேன். உண்மைதான். என் குரலில் யார் என்று விளங்கி, ஈரக் கையைச் சாரத்தில் துடைத்தபடி குசினியிலிருந்து வந்து நின்றார். போனை அவர் பக்கம் நீட்டினேன்.

"பிள்ளை, கொம்பியூட்டர் இப்ப ஒழுங்கா வேலை செய்யுதோ?" என்று கேட்டார், மருந்து கொடுத்த நோயாளியைப் பற்றி விசாரிப்பது போல.

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. "அது கெடக்கட்டும் ஐயா. நீங்க படி ஏறி வந்தா மூச்சு வாங்குது. டொக்டர்கிட்ட காட்டுனீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். காட்டவில்லை. அடுத்த சனிக்கிழமை காலை கூட்டிக்கொண்டு போனேன்.