புத்தருக்குக் கட்டிய பட்டு

புதிதாகச் சுண்ணாம்பு அடித்த மண்சுவரின் ஈரவாடை மூக்கில் ஏறினால், இந்த ஐம்பது வயதிலும் பத்து வயதில் பார்த்த ஒரு பௌர்ணமி கண்முன் வந்து நிற்கும்.

காஞ்சிபுரத்தின் ஓரத்தில், எங்கள் சேரியில் பௌத்தம் தழுவிய சில குடும்பங்கள் "கூடம்" என்று மண்சுவர் வைத்த ஒரு கூரைக் கொட்டகை போட்டிருந்தார்கள். புத்தர் பிறந்ததும் ஞானம் பெற்றதும் மறைந்ததும் வைகாசிப் பௌர்ணமியில்தான் என்பதால், அன்று அதற்கு வெள்ளையடித்து, தாங்களும் வெள்ளை உடுத்தி, ஐந்து சீலங்கள் என்னும் ஒழுக்க விதிகளை ஏற்று, வந்தவர்க்கெல்லாம் பால்சோறு போடுவார்கள். இந்த ஊரில் எந்தச் சாமியும் பட்டில்லாமல் வீதிக்கு வந்து நான் பார்த்ததில்லை; எங்கள் மண்சிலைப் புத்தர் மட்டும் வெறுமனே உட்கார்ந்திருப்பதா என்று பத்து வயதில் எனக்கு ரோஷம். அப்பா விறகு பிளக்கும் சாயப்பட்டறைக்கு வந்துபோகும் தறிக்காரர் ராமய்யாவிடம் கேட்டேன். அவர் அரக்குப் பட்டில் ஒரு துண்டு கொடுத்து, "நானும் வந்து பாக்கறேன்டா" என்றார். நெசவுத் தெருக்காரர் எவரும் எங்கள் சேரிக்குள் கால்வைத்ததில்லை. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பட்டைக் கட்டியபோது பெரியவர்களும் மகிழ்ந்தார்கள். இந்த ஊரில் பட்டு என்றால் மரியாதை, அவ்வளவுதான்.

பட்டணத்திலிருந்து வந்த பிரசங்கியார் சிலைக்கு முதுகு காட்டி நின்று, முதல் சீலமாகிய கொல்லாமையை விளக்கினார். "பூச்சியக் கூட்டோட கொதிக்கிற தண்ணியில போட்டாத்தான் பட்டுநூலு. இன்னிக்கு ஒரு நாளாவது அத்தத் தொடாதீங்கப்பா."

கூட்டம் சிலையைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. முன்வரிசைப் பாயில் ராமய்யா. பட்டை எடுத்தால் அவருக்கு அவமானம், அந்தத் தெருவிலிருந்து இனி ஒருவரும் வரமாட்டார். எடுக்காவிட்டால் காலையில் ஏற்ற சீலம் போச்சு. மயங்கி விழலாமா என்று யோசித்து, விழ வசதியான இடம் தேடினேன். எங்கு பார்த்தாலும் விளக்கு. "எறும்பு கடிச்சிக்கினு இருக்குது" என்று ஓடலாமென்றால், பொய் சொல்லக்கூடாதென்று நாலாவது சீலம். தப்பிக்கும் வழியையெல்லாம் புத்தர் முன்யோசனையாக அடைத்து வைத்திருந்தார்.

"வாய மூடிக்கினு உக்காருடா" என்று அப்பா பல்லைக் கடித்தார். நான் எழுந்துவிட்டேன்.

"அந்தப் பட்ட நான்தான் கேட்டு வாங்கியாந்தேன். அவரு மேல தப்பில்ல. நானே அவுத்துடறேன்." சொல்லிக்கொண்டே சிலையிடம் போய் முடிச்சில் கை வைத்தேன்.

முடிச்சோடு நான் மல்லுக்கட்டுவதைப் பார்த்து ராமய்யா எழுந்து வந்தார். "தள்ளுடா! முடிச்சா போட்டிருக்கே இது?" என்று தாமே அவிழ்த்து மடித்தார். தம் தோளிலிருந்த பருத்தித் துண்டை எடுத்துச் சிலைக்குப் போர்த்தினார்.

"நெய்யறதுதாம்பா பட்டு. நாங்க கட்டறது இந்தப் பருத்திதான்" என்றார் அப்பாவிடம்.

பிறகு எங்களோடு பந்தியில் உட்கார்ந்தார். அப்பா இலை போட்டார். ராமய்யா இரண்டாம் முறையும் பால்சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கூடம் இருந்த இடத்தில் இன்று நெல் மண்டி. மண்சிலை ஏதோ ஒரு மழையில் கரைந்தது. குடும்பங்கள் பிழைப்புத் தேடிப் போய்விட்டன. பட்டில்லாமல் கல்யாணம் செய்துகொண்ட ஒரே காஞ்சிபுரத்தான் நானாகத்தான் இருப்பேன். என் மனைவி அதை இன்னும் மன்னிக்கவில்லை. ஆனாலும் வைகாசிப் பௌர்ணமிக்குப் பால்சோறு ஆக்குபவள் அவள்தான். வாசலில் நின்று, தெருவில் போகிறவர்களைச் சாப்பிடக் கூப்பிடுவது என் வேலை. சிலர் வருகிறார்கள். வராதவர்களை அடுத்த வருஷமும் கூப்பிடுவேன்.