ஓதில் கதவைத் திரும்பிப் பார்த்த செவ்வாய்க்கிழமை

ஓவியர் லார்ஷே செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவருடைய படங்களை விற்க எடுத்துக்கொண்ட வியாபாரி துய்பார்க்குக்கு, வண்ணச் சுண்ணக் குச்சியால் தீட்டிய ஒரு பாஸ்டல் படம் மட்டும் பிடிபடவில்லை. அது எந்த வருஷத்துப் படம், அதில் இருப்பவள் யார் என்று பாரிஸ் முழுக்க விசாரித்து, கடைசியில் பத்திஞோல் பேட்டையில் சலவைக்கடை ஒன்றில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ஓதிலைக் கண்டுபிடித்தார். அப்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது.

"பயப்படாதீங்க மதாம். ஒரு படத்தைப் பார்த்துச் சொன்னாப் போதும்."

"எனக்கென்ன பயம்? அந்தாளுதான் போய்ச் சேர்ந்துட்டாரே."

தகரத் தொட்டியில் நின்று, குனிந்து முதுகைத் துடைக்கிற பெண். ஓதில் கையைக் கட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தாள்.

"ஆயிரத்தெண்ணூத்தி எழுபத்தெட்டுல போட்டதுன்னு நினைக்கிறேன். அவரோட தங்கச்சின்னு சொல்றாங்க" என்றார் துய்பார்க்.

"கூடப் பொறந்தவளைத் துணியில்லாம நிக்க வைப்பாரா? நல்லா விசாரிச்சீங்க போங்க. இது நான்தான். கால் தாளுக்குள்ள அடங்கலைன்னு கீழே ஒரு துண்டு ஒட்டினார், பாருங்க."

துய்பார்க் படத்தைச் சாய்த்துப் பார்த்தார். ஒட்டு தெரிந்தது.

"முதல்ல சுண்ணக் குச்சியால தேய்ப்பார். கெண்டி ஆவியைக் காட்டுவார். தூள் குழம்பானதும் தூரிகையால இழுப்பார். காய்ஞ்ச பிறகு மேல கோடு."

அவர் வேகமாகக் குறித்துக்கொண்டார். "தலையை மட்டும் ஒரு தடவை அழிச்சுத் திரும்பப் போட்டிருக்காரே? உடம்பு குனிஞ்சிருக்கு, தலை கதவுப் பக்கம் திரும்பியிருக்கு."

ஓதில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள்.

கை வெந்து சலவைக்கடை வேலை போன குளிர்காலம் அது. அவளுடைய நாலு வயது மகள் பெர்த்துக்குத் தொண்டையில் சவ்வு அடைத்திருந்தது. குழந்தையைப் பக்கத்து வீட்டு மெலனியிடம் விட்டுவிட்டு அவள் படத்துக்கு நிற்கப் போனாள். ஒன்பதாம் நாள் மெலனி ஓடிவந்து ஓவியர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"ஓதில், சீக்கிரம் வாடி. புள்ளைக்கு மூச்சு இழுக்குது."

ஓதில் திரும்பினாள்.

"அப்படியே இரு. அசையாதே. இந்தக் கழுத்துதான் எனக்கு வேணும்" என்றார் லார்ஷே. "கால் மணி நேரம். இப்பப் போனா நாளைக்கு வராதே."

அவள் நின்றாள். வீட்டுக்குப் போனபோது மெலனி குழந்தையின் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எண்பத்துநாலு, பிப்ரவரி பத்தொன்பது. செவ்வாய்க்கிழமை. கல்லறைச் சீட்டு வீட்ல இருக்கு, வேணும்னா வந்து பாருங்க" என்று ஓதில் முடித்தாள்.

துய்பார்க் தேதியைக் குறித்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "படத்துக்குக் கீழே உங்க பேரைப் போடட்டுமா மதாம்?"

"வேண்டாம். புள்ளை மூச்சுக்குத் தவிக்கிறப்ப அங்கேயே நின்னவ பேரு யாருக்கும் தெரிய வேண்டாம்."

அவர் வருஷத்தை மட்டும் திருத்தினார். மாடல் யாரென்று தெரியவில்லை என்றே விற்பனைப் பட்டியலில் அச்சானது. படம் விலைபோனதை யாரோ வந்து சொன்னபோது ஓதில் காலருக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தாள், கையை நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு நாலு குளிர்காலம் அவள் இஸ்திரி போட்டாள். ஐந்தாவதில் மார்ச்சளி கண்டு, தர்ம ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள்.