தெக்கானான்

தெப்ரா எண்ணெய் நிலையத்தில் இன்று கார் டயருக்குக் காற்றடிக்கும்போது எழுந்த சூடான ரப்பர் வாசனை, தம்போயில் அப்பா வைத்திருந்த டயர் கடைக்குள் என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. கடை இருந்த இடத்தில் இப்போது மேம்பாலம் நிற்கிறது.

அங்கே நாள் முழுக்கக் கம்ப்ரசர் தடதடக்கும், இறுகிய நட்டைத் திருப்ப ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி அப்பா தொங்குவார், கழுத்து நரம்பு புடைக்கும், நான் வீட்டுப்பாடத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அந்த நரம்பையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் கிளினிக் தாதி மலாயில் சொன்ன சொல்லை அம்மா அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தார்: "அப்பாவுக்குத் தெக்கானான் ஏறிப்போச்சாம்."

அதே வாரம் என் மலாய்ப் பள்ளியில், அறிவியல் பாடத்தில், அதே சொல். தெக்கானான் என்றால் அழுத்தம்; பரப்பு கூடினால் அழுத்தம் குறையும். அப்பாவோ மதியத்தில் ஓரடி அகலப் பலகையில் ஒருக்களித்துத் தூங்குகிறவர். எனக்குப் பகீரென்றது. ஓடிப்போய்த் தரையில் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்தேன்.

"இதுல மல்லாக்கப் படுங்கப்பா. கையையும் காலையும் நல்லா விரிங்க. தெக்கானான் கொறையும்."

அப்பா சிரிக்கவில்லை. சொன்னபடியே படுத்தார். "கொறஞ்சிருச்சாம்மா?" என்று கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

புத்தக அழுத்தமும் இரத்த அழுத்தமும் வேறு வேறு என்று அடுத்த ஆண்டுதான் புரிந்தது. அதைச் சொல்லிவிடக் கடைக்கு ஓடினேன். அப்பா அட்டையை விரித்தபடி ஒரு வாடிக்கையாளரிடம் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"கிளினிக்குப் போறத நிறுத்தி ஒரு வருசமாச்சுலா. எம்மக படிச்சுட்டு வந்து சொன்ன வைத்தியம் இருக்கே."