கடுகளவு ஈரம்

சங்ககிரியில் பழைய கார் உதிரிபாகக் கடை வைத்திருந்தார் அவர். வாட்டசாட்டமான ஆள், நெற்றி நிறையத் திருநீறு. யார் எதை வாங்க வந்தாலும் முதலில், "பக்கத்து சீட்டுல ஆருங்க உக்காருவாங்க?" என்று கேட்பார்.

நான் புதுப்பித்துக்கொண்டிருந்த பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குச் சக்கரமும் கார்புரேட்டரும் தேடிப் போயிருந்தேன். "ஊட்டுக்காரிங்க" என்றேன்.

கம்பிச் சக்கரங்கள் நான்கைச் சட்டென்று பொறுக்கித் தந்தார். கார்புரேட்டர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஊரெல்லாம் தேடியும் எனக்குக் கிடைக்காதது. அதில் பெட்ரோலை ஊற்றிச் செய்தித்தாளின் மேல் வைத்தார்.

"டீ குடிச்சுட்டுப் பாப்போங்க."

டீ முடிந்தபோது தாளில் கடுகளவு ஈரம் தெரிந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன்.

"இவ்வளவுதானுங்களே, வாஷர் மாத்திக்கிறேன்" என்றேன்.

"பாடியே கீறல் உட்டிருக்குதுங்க. கீழ சைலன்சர் பைப்பு பழுக்கக் காயும். நெருப்புக்கு இத்தன போதுஞ் சாமி."

பெட்ரோலைக் கொட்டிவிட்டுச் சுத்தியலை எடுத்தார். நான் பதறிப்போனேன். "விக்காட்டிப் போகுது, ஏனுங்க ஒடைக்கறீங்க?"

"வெச்சிருந்தா எவனாச்சும் வந்து கெஞ்சுவானுங்க. நானும் மறுக்காக் குடுத்துப்போடுவேன்."

முதல் அடி தவறி மேசையில் விழுந்தது. அடுத்த அடியில் கார்புரேட்டர் இரண்டாகப் பிளந்தது.

கிளம்பும்போது என் கையை வாங்கி மோந்து பார்த்தார். பெட்ரோல் வாசம் போகிறவரை சோப்புப் போட்டுக் கழுவ வைத்தார். அதற்குப் பிறகும் சில முறை அந்தக் கடைக்குப் போயிருக்கிறேன். முன்பு யாருக்கு அப்படிக் கொடுத்தார், அந்தப் பக்கத்து சீட்டில் யார் இருந்தார்கள் என்று கேட்க மட்டும் எனக்கு வாய் வரவில்லை.