பக்கத்து இருக்கையின் பிரேக்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்தப் பள்ளியில் வாத்தியாருக்கு ‘ஹாரன்’ என்று பெயர். கிளட்ச்சைச் சட்டென்று விட்டால் போதும், சிக்னலில் நிற்பவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துவார். பாதியில் அழுதுகொண்டே இறங்கிப் போனவர்கள் அதிகமானதும், முதலாளி அவரை முழுமையான ஆளுமை வளர்ச்சி வகுப்புக்கு அனுப்பிவைத்தார்.

அங்கே பயிற்சியாளர் பலகையில் ஒரு முக்கோணம் வரைந்தார். எண்ணம், உணர்வு, செயல். ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் அசையும் என்றார். ஹாரன் புது மனிதராக வீடு திரும்பினார். அதாவது, மற்றவர்களைத் திருத்த அவருக்கு ஒரு புதுக் கருவி கிடைத்திருந்தது.

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மனைவி ஒரு தட்டை ‘டங்’கென்று வைத்தாள்.

“இந்தச் சத்தத்துக்குப் பின்னாடி என்ன எண்ணம் இருக்கு?” என்றார் மிருதுவாக.

“நீங்க எந்திரிச்சு வந்து துடைச்சு வைக்கலாமேங்கற எண்ணம்.”

“அது எண்ணம் இல்லம்மா, எதிர்பார்ப்பு.” சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு அசையவில்லை.

“முன்னாடி கத்துவீங்க, உடனே முடிஞ்சிரும்ப்பா. இப்ப மெதுவா பேசுறீங்க, முடியவே மாட்டேங்குது” என்றாள் கல்லூரியில் படிக்கும் மகள். மாற்றத்தைக் கண்டால் சிலருக்கு ஒப்பாது என்று அவளை மன்னித்துவிட்டார்.

அடுத்த வாரம் ஒரு பல் டாக்டரம்மா ஓட்டப் பழக வந்தார். சலவைக்கடை முனையில் திரும்பும்போது பதற்றத்தில் பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலரேட்டரை அழுத்திவிட்டார். பயிற்சிக் காரில் வாத்தியார் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஹாரனின் கால் அதன்மேல்தான் இருந்தது. வாய்தான் முந்திக்கொண்டது.

“இப்ப உங்களுக்குள்ள என்ன ஓடுது?”

“சுவரு” என்றார் டாக்டரம்மா.

கார் போய் முட்டியது. பம்பர் நசுங்கியது, யாருக்கும் அடியில்லை.

“உங்க பக்கம் பிரேக் இருக்குல்ல சார், ஏன் மிதிக்கல?”

ஹாரன் முக்கோணத்தின் மூன்று மூலையிலும் பதிலைத் தேடினார். “பயந்துட்டேன்மா. கால் அசையல.” ஊரார் உணர்வுக்கெல்லாம் பெயர் வைத்தவர், தன்னுடையதற்கு வைத்த முதல் பெயர் அது.

“கத்தவாவது செஞ்சிருக்கலாமே. நான் நிறுத்தியிருப்பேன்.”

வீட்டில் நடந்ததைச் சொன்னதும் மனைவி துளியும் ஆச்சரியப்படவில்லை.

“ஓட்டத் தெரியாதவங்க பக்கத்துலயே காலமெல்லாம் உக்காந்திருக்கீங்க. பயமில்லாம இருக்குமா? அதனாலதானே கத்துறீங்க. நாங்க பாவம்னு விட்டுட்டோம்.”

தன்னை எல்லோரும் கோபக்காரர் என்று நினைத்து நடுங்குவதாகத்தான் அவர் இத்தனை நாளும் நம்பியிருந்தார். தான் பயந்தாங்கொள்ளி என்பது வீட்டில் எப்போதோ பழகிப்போன சேதி என்று அன்றுதான் தெரிந்தது.

இப்போதும் கத்துகிறார். ஆனால், “நிறுத்துங்க, எனக்குப் பயமா இருக்கு” என்று கத்துகிறார். மாணவர்கள் சிரித்தாலும் உடனே நிறுத்திவிடுகிறார்கள். டாக்டரம்மாவுக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது. அவர் கார் தெருவில் தெரிந்தால் ஹாரன் பக்கத்துக் கடைக்குள் ஏறி நின்றுகொள்கிறார்.