வால் இல்லாமல் வந்த திருக்கை

சேலையூரில் என் வீட்டுக் கீழ்த்தளம்தான் எங்கள் கடல் கல்வி மையம். கடலிலிருந்து வாரம் ஒரு டேங்கர் லாரியில் உப்புத்தண்ணீர் வந்து இறங்கும்போது தெருவே நின்று வேடிக்கை பார்க்கும். ரிட்டயர்டு விலங்கியல் டீச்சர் ஜெயசீலிக்குக் கிறுக்கு முற்றிவிட்டது என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்வது என் காதிலும் விழுந்திருக்கிறது. பேசட்டும்.

இங்கே இருக்கும் ஜீவன்களில் பாதி, வடிவேலு கொண்டுவந்தவை. கோவளம் பக்கத்து மீனவர், ஐம்பதை நெருங்குகிறார். நட்சத்திர மீன், சங்குக்குள் குடியிருக்கும் நண்டு என்று விலைபோகாத எதையும் பக்கெட்டில் போட்டு எடுத்துவருவார். கொடுத்துவிட்டுச் சும்மா போகவும் மாட்டார். தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முப்பது வருஷமாகத் தான் பிடிக்கிற மீன் எப்படித் தூங்குகிறது, கண்ணை மூடுமா மூடாதா என்று நோண்டி நோண்டிக் கேட்பார். பதில் தெரியாமல் நான் முழித்தால் அவருக்கு ஒரே குஷி.

உயிருள்ள திருக்கை ஒன்று வேண்டும் என்று அவரை ஆறு மாதமாக அரித்துக்கொண்டிருந்தேன். ஒரு வியாழக்கிழமை காலை போன் வந்தது. "கெடச்சிடுச்சு டீச்சர், உசுரோட கீது!" நான் உடனே பக்கத்துப் பள்ளிக்குச் சொல்லிவிட்டேன்: சனிக்கிழமை திருக்கைக்கு வரவேற்பு, கொண்டுவந்தவருக்குப் பொன்னாடை.

மதியம் வடிவேலு டிரம்மோடு வந்தார். மூடியைத் திறந்தால், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குத் திருக்கை. உயிரோடுதான் இருந்தது. வாலைத்தான் காணோம்.

வலையில் திருக்கை ஏறினால் முதல் வேலையாக வாலை வெட்டிவிடுவார்கள். வாலில் இருக்கும் முள் குத்தினால் ஆள் துடித்துப்போவான். அதனால் வலை படகுக்குள் வந்ததுமே கை தானாகக் கத்தியைத் தேடும்.

"கை அதும்பாட்டுக்கு வெட்டிடுச்சு டீச்சர். வெட்னப்புறந்தான் உங்க நெனப்பே வந்துச்சு."

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. "ஆறு மாசமா நான் கேட்டது இதுக்குத்தானா? போன்ல ஒரு வார்த்தை சொன்னீங்களா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். அவர் தலையைக் குனிந்து நின்றார்.

பிழைக்குமா என்று எனக்கு ஒரே பயம். வெள்ளிக்கிழமை வடிவேலுவும் நானும் தொட்டியில் இறாலைப் போட்டோம். திருக்கைக்கு வாய் அடிப்பக்கம். திருக்கை மெதுவாக வந்து அதன்மேல் படுத்தது. எழுந்தபோது இறால் இல்லை. வடிவேலு தரையில் கன்னத்தை வைத்துத் தொட்டிக் கண்ணாடி வழியே பார்த்தார்.

"அட! அமுக்கிகினு துன்னுது டீச்சர்! இத்தினி வருஷத்துல நான் இத்த பாத்ததே இல்ல."

என் கோபம் அப்போதே போய்விட்டது. படகு மோட்டார் விசிறியில் சிக்கி வால் போய்விட்டதாகப் பிள்ளைகளிடம் சொல்லிவிடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள் சொல்கிற பேச்சா! ஆனால் பொன்னாடை போர்த்தப்போகிற மனிதரை எப்படிக் காட்டிக்கொடுப்பது? அவரும் சரி என்று தலையாட்டினார்.

சனிக்கிழமை முப்பது பிள்ளைகள் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். பொன்னாடையைப் போர்த்தினேன். பிள்ளைகள் கைதட்டுவதற்குள், இரண்டாம் வகுப்பு கெசியா கேட்டாள்: "மிஸ், இதோட வால் எங்கே?"

நான் வாயைத் திறப்பதற்குள் வடிவேலு முந்திக்கொண்டார். "நான்தான் வெட்டிட்டேன் பாப்பா. முள்ளு குத்தும், அதான்."

"அதுக்கு வலிச்சுதா அங்கிள்?"

"தெர்லியே பாப்பா. நான் அத்த யோசிச்சதே இல்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். மீன் எப்படித் தூங்கும் என்று கேட்கிற அதே முகம். "நீங்க சொல்லுங்க டீச்சர். வலிக்குமா?"

புத்தகம் பார்த்துச் சொல்கிறேன் என்று நழுவியிருக்கலாம். மனசு வரவில்லை.

"வலிக்கும் வடிவேலு," என்றேன்.

அவர் திரும்பித் திருக்கையைப் பார்த்தார். பிறகு பொன்னாடையைக் கழற்றி, நிதானமாக நாலாக மடித்து என் கையில் கொடுத்தார்.

"இன்னிக்கு இது வாணாம் டீச்சர்."

கைதட்டுவதா வேண்டாமா என்று பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள்.